பாட்டன் பூட்டன் பெயர்

பிதிர்க்கடன் எம்மவர் வாழ்வில் ஆழ வேரூன்றிய கடமைகளுள் ஒன்று. ஆடியமாவாசை நாளிலே கீரிமலைக் கேணியடியிலும், முகத்துவாரக் கடற்கரையிலும், மகாவலி கங்கைக் கரையிலும் கூடும் மக்கள், தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூன்று தலைமுறையினரின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கின்றனர். குடும்பத்துப் பெண்முன்னோரின் பெயர்களும் உடன் சொல்லப்படும். தந்தை பெயரை எவரும் தயங்காது சொல்வர். பாட்டனார் பெயரையும் பெரும்பாலோர் சொல்லிவிடுவர். பூட்டனார் பெயர் என்று வரும்போதுதான் பலருக்கு நாத் தடுமாறும். பெயர் அறியாதவர் மனத்தால் நினைந்து கும்பிட்டுவிட்டுக் கரையேறுவார். அதனை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை.

1948ஆம் ஆண்டிலே இதே மூன்று தலைமுறையினரைப் பற்றி இலங்கை அரசாங்கமும் கேட்டது. ஆனால் அங்கே பெயரைச் சொன்னாற் போதவில்லை. பெயருக்கு உரியவர் இந்நாட்டு மண்ணிற் பிறந்தவர் என்பதற்குச் சான்றும் காட்ட வேண்டியிருந்தது. காட்ட இயலாதவர் கரையேற முடியவில்லை. அவர் நாடற்றவர் ஆனார்.

குடிவழி ஆராய்ச்சி என்றவுடன், பெருமை தேடும் முயற்சி என்றே பலரும் எண்ணுகின்றனர். எம் குடும்பம் மன்னர் வழியினது, முதலியார் பரம்பரையினது, இன்ன ஏட்டிலே எம் மூதாதையின் பெயர் உள்ளது என்று சொல்லி மகிழ்வதற்கே அது உதவும் என்பர். மலைநாட்டுத் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அங்கே பூட்டனார் எங்கே பிறந்தார் என்ற கேள்வியைப் பற்றியே ஒருவரின் வாக்குரிமையும், பிள்ளைகளின் எதிர்காலமும், வாழும் நாடும் தொங்கின. அத்தகைய ஒரு குடும்பத்தின் மூதாதையைத் தேடுவது எப்படி, அவரைப் பற்றிய எழுத்து எங்கே கிடைக்கும், ஏன் கிடைக்காமற் போயிற்று என்பவற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் கடனும்

யாழ்ப்பாணத்திலும் கரையோர நாட்டிலும் முன்னோரைத் தேடுவோருக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஒல்லாந்தர் தம் ஆட்சிக் காலத்திலே நிலத்தையும் குடிகளையும் தோம்பு என்னும் ஏடுகளிற் பதிந்து வைத்தனர். இன்ன காணி இன்னாருக்கு உரியது, இன்ன வீட்டில் இன்னின்னார் உளர், அவர் செலுத்தவேண்டிய இறை இவ்வளவு என்று அவற்றில் எழுதப்பட்டது. வரி வாங்குவதற்காக எழுதப்பட்ட அவ்வேடுகளே இன்று பல குடும்பங்களின் வரலாற்றுக்கு ஆதாரமாக நிற்கின்றன. காணி உறுதிகளும், கோயிற் சாதனங்களும், தேவாலயப் பதிவேடுகளும் அவற்றுக்குத் துணை செய்கின்றன.

மலைநாட்டுக்கு வந்த தொழிலாளிக்கோ இந்நாட்டிற் காணி இல்லை. அவன் குடியிருந்த லயத்து அறையும் தோட்டத்துக்கே சொந்தம். ஆதலின் நிலத்தைக் கொண்டு மனிதனை எழுதிய ஏடுகளில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவனை எழுதிய ஏடுகள் வேறு. கங்காணி கொடுத்த முற்பணத்தை எழுதிய கணக்கு, தோட்டத்துச் செக்ரோல், ஓரிடத்திலிருந்து வேறிடம் போகும்போது கடனைக் குறித்துக் கொடுத்த துண்டு, முகாமிலே கொடுத்த தகரச் சீட்டு ஆகியனவே அவனைப் பற்றிய எழுத்துகள். நிலமுள்ளவன் தோம்பில் எழுதப்பட்டான். நிலமற்றவன் கடன் ஏட்டில் எழுதப்பட்டான். இவ்வொரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால், தேடவேண்டிய இடம் எதுவென்பது தானே விளங்கும்.

வந்த வழியே காலத்தைச் சொல்லும்

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களிலே, தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், கம்பளை, கண்ணொறுவை முதலிய இடங்களிலே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1840களில் அப்பயிர் மலைச்சாரல்களெங்கும் பரவிற்று. பழம் பறிக்கும் காலத்திலே ஆட்கள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் கங்காணிமார் தலைமையிலே கூட்டங் கூட்டமாக வந்தனர். 1844ஆம் ஆண்டில் மட்டும் வந்தோர் தொகை 70,000க்கு மேற்பட்டது. அறுவடை முடிந்ததும் அவர்களுட் பெரும்பாலோர் ஊர் திரும்பினர்.

குடும்பத்து முதியோர் சொல்லும் கதையிலே, மூதாதை எவ்வழியாக வந்தார் என்ற செய்தி பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும். அச்செய்தி அவர் வந்த காலத்தைக் காட்டும் ஒரு குறிப்பு. தொண்டியிலோ பாம்பனிலோ தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார் என்று சொன்னால், அவர் 19ஆம் நூற்றாண்டிலே வந்தவர். அவ்வழியிலே நீரின்றியும், வாந்திபேதியாலும், காய்ச்சலாலும் மாண்டோர் ஆயிரமாயிரவர். அந்நூற்றாண்டின் இறுதியிலே கொள்ளைநோய் அச்சத்தால் வடபாதை மூடப்பட்டது. பின்னர்த் தட்டப்பாறை முகாமில் இருந்து, தூத்துக்குடியிற் கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்கி, றாகமை முகாம் வழியாக வந்தோர் உளர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவையும், அதனைத் தொடரும் புகையிரதப் பாதையும் ஏற்பட்டன. அதன்பின் வந்தவர்கள் மண்டபம் முகாமைப் பற்றிச் சொல்வார்கள். ஆகவே, காட்டு வழியா, தூத்துக்குடியா, மண்டபமா என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால், மூதாதை வந்த காலத்தை ஓரளவு வரையறுத்துவிடலாம்.

முதலில் வேலை செய்த இடமும் இவ்வாறே உதவும். கண்டி, மாத்தளை, கம்பளை, புசல்லாவைப் பகுதிகள் முதலிலே திறக்கப்பட்டவை. திம்புளை, டிக்கோயாப் பள்ளத்தாக்குகள் 1860களிலும் அதன் பின்னருமே பெருமளவிற் காடு வெட்டப்பட்டவை. களுத்துறை, கேகாலைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெருகியவை. புகையிரதம் நாவலப்பிட்டிக்கு 1874இலும், அட்டனுக்கு 1884இலும், பதுளைக்கு 1924இலும் வந்து சேர்ந்தது. பூட்டனார் நாவலப்பிட்டி வரை வண்டியில் வந்து அதற்கப்பால் நடந்தார் என்று ஒரு கிழவி சொன்னால், அது 1874க்கும் 1884க்கும் இடைப்பட்ட காலத்துச் செய்தியாக இருத்தல் கூடும். கல்வி அறிவில்லாத பாட்டி சொன்ன கதை என்று அதனைத் தள்ளிவிடலாகாது. ஆண்டு சொல்லத் தெரியாதவர்கள் வழியைச் சொல்லியிருக்கின்றார்கள்.

1869இல் கோப்பி இலைகளில் ஒருவகைத் துருநோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர் அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பி பருவத்துக்கு ஆள் கேட்கும் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஆகையால் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வரும் ஆட்கள் போதவில்லை. நிலையாக இருக்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன. கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டப்பட்டனர். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக வந்து லயங்களிற் குடியமர்ந்தது இக்காலத்திலேயேயாம். இன்றைய மலையகக் குடும்பங்களுட் பலவற்றின் தொடர்ச்சியான இலங்கை வாழ்வு இங்கிருந்தே தொடங்குகின்றது.

கடன் ஏட்டில் வாழும் பெயர்

கங்காணி முறையைப் பற்றி ஒரு சிறிது விளக்கம் வேண்டும். பெரிய கங்காணியின் கீழே சில்லறைக் கங்காணிமார் இருந்தனர். சில்லறைக் கங்காணி தன் ஊரிலும் அயலூரிலும் உறவினரையும் தெரிந்தோரையும் திரட்டி வந்தான். வழிச்செலவு முழுவதும் தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டது. ஆட்கள் வேலைக்கு வந்த நாளெல்லாம் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவன் கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டியிருந்தது. புதிய தோட்டத்தார் அக்கடனைக் கொடுத்து ஆளைப் பெற்றுக்கொண்டனர். மனிதன் கடனோடு சேர்ந்து கைமாறினான். இக்கொடிய துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலே ஒழிக்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் இலக்கம் பொறித்த ஒரு சிறு தகடு, புறப்படும்போதே தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்டது. அந்த இலக்கத்தைக் கொண்டு அவன் எந்தத் தோட்டத்துக்குச் சேரவேண்டியவன் என்று அறிந்து அனுப்பினர். பெயரைக் கேளாமலே ஒருவனைக் கடல் கடத்தி மலையேற்றிவிட அம்முறையால் முடிந்தது.

இவ்வேடுகளெல்லாம் மனிதனை அறிவதற்காக எழுதப்பட்டவை அல்ல. அவன் ஓடிப்போகாமற் காக்கவும், அவனுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கவும் எழுதப்பட்டவை. எனினும் இன்று தேடுவோருக்கு அவையே கைவிளக்கு. கடன் கணக்கிலே ஒரு கூட்டத்தார் பெயர்கள் வரிசையாக இருக்கும். அவர்களுட் பலர் ஒரே ஊரவர், உறவினர். பூட்டனாரின் ஊர் தெரியாவிட்டாலும், அவர் எந்தக் கங்காணியின் கூட்டத்தில் வந்தார் என்று தெரிந்தால், கங்காணியின் ஊரைக் கொண்டு அவர் ஊரையும் நெருங்கிவிடலாம். கங்காணிமாரின் வழியினர் வசதியுள்ளோர் ஆதலின், அவர் வீடுகளிற் பழைய கணக்குப் புத்தகங்களும் கடிதங்களும் இருத்தல் கூடும்.

சட்டம் கேட்ட கணக்கு

இனி 1948ஆம் ஆண்டுக்கு வருவோம். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் என்று குறிக்கப்பட்டோர் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. மறு ஆண்டு இயற்றப்பட்ட 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு, அவர் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். தாம் இங்கே பிறந்தது மட்டும் போதாது.

இதனை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 1948இல் 40 வயதுள்ள ஒரு தொழிலாளியை எடுத்துக் கொள்வோம். அவர் பிறந்தது 1908. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால், தந்தை பிறந்தது 1883, பாட்டனார் பிறந்தது 1858, பூட்டனார் பிறந்தது 1833. இலங்கையிலே அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1860களிற்றான். ஆகவே இந்தப் பாட்டனாருக்கும் பூட்டனாருக்கும் அரசாங்கப் பிறப்புச் சான்று இருந்திருக்க வழியில்லை. சட்டத்தை இயற்றியோரின் பூட்டன்மாருக்கும் அது இருந்திராது. ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அரசாங்கம் எழுதத் தொடங்குவதற்கு முன் பிறந்தவருக்கு அரசாங்கத்தின் எழுத்தைக் கொண்டுவா என்று, சட்டம் ஒரு சாராரிடம் மட்டும் கேட்டது.

தந்தையின் சான்று கிடைக்குமா என்றால், அதிலும் இடர் பல. கோப்பிக் காலத்துப் போக்குவரவு வழக்கம் தேயிலைக் காலத்திலும் ஓரளவு தொடர்ந்தது. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது எம்மவர் வழக்கம். தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தால், பிள்ளை அங்கே பிறந்து, சில மாதத்திலே இங்கே வந்து, இங்கேயே வளர்ந்து, உழைத்து, மாண்டிருக்கும். அப்பிள்ளையின் மகனுக்குத் தந்தைவழி அறுந்துபோயிற்று. தோட்டத்திலே பிறந்தாலும் பதிவு ஒழுங்காக நடந்தது என்று சொல்வதற்கில்லை. பிறப்பை அறிவிக்க வேண்டியவர் தோட்டத்துரை. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். வீட்டிலே கறுப்பையா, செக்ரோலிலே கருப்பன், பதிவிலே வேறொன்று. இலட்சுமி, லட்சுமி, லெட்சுமி என்று ஒரு பெண்ணே மூவராயினாள். விசாரணையிலே இவ்வேறுபாடுகள் வழக்கையே கவிழ்த்துவிட வல்லவையாயின.

சட்டம் தந்தைவழியை மட்டுமே நோக்கிற்று என்பதும் நினைக்கத்தக்கது. தேயிலைக்காக இம்மண்ணிற் குடும்பங்களை நிலைபெறச் செய்தவர்கள் பெண்கள். கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். எள்ளும் நீரும் இறைக்கும்போது பாட்டிக்கும் பூட்டிக்கும் இடம் உண்டு. சட்டத்தின் மூன்று பெயர்களில் அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று.

1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அது மூதாதையரைக் கேளாமல், வதிவைக் கேட்டது. 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன் இடைவிடாது, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இலங்கையில் வசித்திருத்தல் வேண்டும். 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பாக விண்ணப்பங்கள் போயின. அவற்றுள் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. இதற்கிடையே, இலங்கைப் பிரசைகளுக்கே வாக்குரிமை என்ற சட்டத்தை எதிர்த்த கோடக்கன்பிள்ளை வழக்கு 1951இல் உயர் நீதிமன்றத்திலும், 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோல்வியுற்றது. 1947இற் பிரதிநிதிகளைத் தெரிந்தனுப்பிய மக்களுட் பெரும்பாலோர் 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றனர்.

பிரிந்த குடும்பங்கள்

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டனர். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று தீர்மானித்தனர். எஞ்சிய 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற் பாதிபாதியாகப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவை எண்கள் போலத் தோன்றினும் உண்மையிற் குடும்பங்களே. அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டோடு போனான். தம்பி தோட்டத்திலே நின்றான். தாய் எவர் பக்கம் போவது என்று தெரியாது நின்றாள். 1984இல் கப்பற் சேவை நிற்கும் வரை தலைமன்னார்த் துறையில் இப்பிரிவுகள் நடந்துகொண்டே இருந்தன.

இதன் பயனாக, இன்று ஒரு மலையக மூதாதையின் வழியினரைத் தேடுவோர் இலங்கையோடு நின்றுவிட முடியாது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலே மலைநாட்டுப் பேச்சும், மலைநாட்டுச் சமையலும், இலங்கைத் தோட்டங்களின் பெயர்களும் இன்றும் வழங்குகின்றன. இங்கே மறந்துபோன பூட்டனார் பெயர் அங்கே ஒரு முதியவரின் நினைவிலே இருத்தல் கூடும். அங்கே தொலைந்த கடதாசி இங்கே ஒரு தகரப் பெட்டியிலே கிடக்கலாம்.

தேடுவோர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, வீட்டுக் கடதாசிகள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி, விசாரணைக்கு அழைத்த கடிதம், மறுப்புக் கடிதம், பழைய கடவுச்சீட்டு, கூப்பன் புத்தகம் ஆகியவற்றை எவரும் எறிந்துவிடலாகாது. பிறந்த ஊர், தந்தை பெயர், வந்த ஆண்டு, வேலை செய்த தோட்டங்கள் எல்லாம் அவ்விண்ணப்பங்களில் எழுதப்பட்டிருக்கும். மறுக்கப்பட்ட விண்ணப்பமும் ஒரு குடும்ப வரலாறே.

இரண்டாவது, தோட்டத்தின் பெயர். தோட்டத்துக்குத் துரை வைத்த பெயர் ஒன்று, மக்கள் வழங்கிய பெயர் வேறொன்று. ஸ்கொத்துலாந்து ஊர்ப் பெயர்களைத் தாங்கிய தோட்டங்களை எம்மவர் தம் நாவுக்கு இசைந்தபடி அழைத்தனர். சில தோட்டங்கள் பின்னர் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1859 முதல் வெளிவந்த பேர்குசன் கைந்நூல்களிலே தோட்டங்கள், அவற்றின் பரப்பு, உரிமையாளர், துரைமார் பெயர்கள் ஆண்டுதோறும் குறிக்கப்பட்டுள்ளன. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலே பழைய நிருவாக அறிக்கைகளையும் குடிசன மதிப்பு அறிக்கைகளையும் பார்வையிடலாம். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணியது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேதான் என்பதை அறிந்து அவற்றை வாசித்தல் வேண்டும்.

மூன்றாவது, ஊர்ப் பெயர். பழைய கடதாசியிலே திருச்சி ஜில்லா, சேலம் ஜில்லா, இராமநாதபுரம் ஜில்லா என்று எழுதியிருப்பதை இன்றைய மாவட்டங்களோடு வைத்துக் குழம்பக் கூடாது. புதுக்கோட்டை 1974இலே தனி மாவட்டமாயிற்று. திண்டுக்கல்லும், சிவகங்கையும், விருதுநகரும் 1985இலே பிரிந்தன. திருச்சியிலிருந்து கரூரும் பெரம்பலூரும் 1995இலும், சேலத்திலிருந்து நாமக்கல் 1997இலும் பிரிந்தன. முசிறி, துறையூர், ஆத்தூர், நாமக்கல் என்று தாலுகாப் பெயர் கிடைக்குமாயின் அதையே பற்றிக்கொள்வது நலம். சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்திலே அக்கால ஜில்லாப் பதிவுகள் உள்ளன.

நான்காவது, குலதெய்வம். எழுத்தெல்லாம் அழிந்த இடத்திலும் இது நிற்கும். ஊர்ப் பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. லயத்துக் கோடியிலே ஒரு கல்லை நட்டு, மதுரைவீரன் என்றும், முனியாண்டி என்றும், அங்காளம்மன் என்றும் கும்பிட்டவர்கள், தாம் விட்டு வந்த ஊரையே அக்கல்லில் நிறுத்தினார்கள். தெய்வத்தின் பெயரும், படையலிடும் முறையும், முதல் முடி இறக்கப் பாட்டனார் சென்றுவந்த இடமும் தெரிந்தால், ஊரை அறிவது எளிதாகும். பொன்னர் சங்கர் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் தோட்டத்தாரின் முன்னோர், கொங்குச் சீமையையும் காவிரிக்கரையையும் அடுத்தவர்களோ என்று ஆராய இடமுண்டு. காமன் கூத்தும், மாரியம்மன் திருவிழாவிலே முதன்மரியாதை பெறும் வரிசையும் இவ்வகைச் செய்திகளைத் தம்முள் மறைத்து வைத்துள்ளன.

ஐந்தாவது, முதியோரின் வாய்மொழி. இது கடைசியிலே சொல்லப்பட்டாலும் முதலிலே செய்யப்படவேண்டியது. சுவடிகள் நாளைக்கும் இருக்கும். கிழவி இருப்பாளோ என்பது ஐயம். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இலே தலவாக்கொல்லைப் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். வாய்மொழி ஒரு சாசனம் என்பதை அவர் அன்றே உணர்ந்து செயற்பட்டார்.

இளைஞர் செய்யத்தக்கது

2003ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே பாராளுமன்றம் ஏகமனதாக ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கப்பட்டது. 1948இலே கேட்கப்பட்ட கேள்வி 55 ஆண்டுகளுக்குப் பின்னர் ஒருவாறு முடிவுக்கு வந்தது. 2023ஆம் ஆண்டிலே, இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றனர். முன்னோர் நடந்த வழியைக் கால்களால் வாசித்த செயல் அது.

அரசாங்கம் பூட்டனார் பெயரைக் கேட்ட காலத்திலே, ஒவ்வொரு குடும்பமும் அதனை அச்சத்தோடு தேடிற்று. தவறான ஓர் எழுத்தும் கேடு விளைக்குமென்று பலர் வாய்திறக்கவும் அஞ்சினர். கடலுக்கு அப்பாலுள்ள ஊரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே மறைத்த பெற்றோரும் உளர். அந்த ஊரின் பெயர் வெளிப்பட்டால், அங்கேயே போ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமே அதற்குக் காரணம். மறதி என்று நாம் எண்ணுவனவற்றுட் சில, மறதியல்ல, காப்பு. இப்பொழுது அந்த அச்சத்துக்கு இடமில்லை. கேட்பவர் அதிகாரியல்லர், பேரப்பிள்ளை. ஆதலின் முதியோர் இனி மனந்திறந்து சொல்லலாம். ஆனால் 1948இலே விவரம் அறிந்தோராய் இருந்தவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். காலம் அதிகமில்லை.

ஆதலின் இளைஞர் சங்கங்கள் இப்பணியைத் தம் ஆண்டு வேலைத்திட்டத்திலே சேர்த்துக்கொள்வது நன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் எண்பது வயதைக் கடந்த ஆணையும் பெண்ணையும் கண்டு, வந்த வழி, கங்காணியின் பெயர், முதல் தோட்டம், தாய்ப்பிறந்த ஊர், குலதெய்வம், இந்தியா சென்ற உறவினர் என்னும் ஆறு கேள்விகளைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவர் சொல்லும் சொல்லையே எழுதுக, திருத்தி எழுதற்க. தகரப் பெட்டியிலுள்ள கடதாசிகளைப் படம்பிடித்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். தோட்டத்துக் கோயிற் கல்லிலும் மணியிலும் பொறித்துள்ள உபயகாரர் பெயர்களையும் படியெடுத்தல் நலம். தாய்வழிப் பெயர்களை எழுதாமல் விட்டுவிடலாகாது. சட்டம் செய்த பிழையை நாமும் செய்வது தகாது.

நூறு குடும்பங்களின் இக்குறிப்புகள் ஓரிடத்திற் சேருமானால், அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்போது, ஒன்றில் இல்லாத ஊர் மற்றொன்றிற் கிடைக்கும். ஒரு கங்காணியின் கூட்டம் முழுவதும் கண்முன் நிற்கும். தகரச் சீட்டிலே வெறும் இலக்கமாய்க் கடல் கடந்தவர், தந்தையும் தாயும் ஊரும் தெய்வமும் உடைய ஒரு மனிதராக எழுந்து வருவார். அடுத்த ஆடியமாவாசைக்குள் ஒரே ஒரு குடும்பமாவது தன் பூட்டனாரின் பெயரையும், பூட்டியின் பெயரையும் ஐயமின்றிச் சொல்லி நீர் இறைக்குமாயின், இம்முயற்சி வீணாயிற்று என்று எவரும் சொல்ல முடியாது.